உஷார்! உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது, தெரியுமா?

ஒன்று என்பீர்கள். சிலர் இரண்டு என்பீர்கள். அத்தனை உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள்!

உங்கள் கையில் இருப்பது ஒரு போன்தான். ஆனால் உங்கள் ஆதாரைக் காட்டி, உங்கள் கைரேகையை வைத்து, உங்களுக்கே தெரியாமல் வாங்கிய இன்னொரு சிம் இந்த நிமிடம் முன்பின் தெரியாத ஒருவன் கையில் இருக்கலாம். "சிபிஐ பேசுகிறோம்" என்று அவன் அதிலிருந்து யாரோ ஒரு பெரியவரை மிரட்டிக்கொண்டிருக்கலாம். அந்தப் பெரியவர் பணத்தைப் பறிகொடுத்துவிட்டுப் புகார் கொடுப்பார். இந்த எண் யாருடையது என்று போலீஸ் தேடும். கிடைக்கும் பெயர் உங்களுடையது. கிடைக்கும் முகவரி உங்கள் வீடு!

இணைய மோசடி என்றாலே நம் கணக்கிலிருந்து பணம் போவதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஓடிபி சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி அது ஓரளவு மனதில் ஏறிவிட்டது. நல்லது. ஆனால் பணம் போனால் உடனே மெசேஜ் வரும். பெயர் போனால் எந்த மெசேஜும் வராது. மாதக்கணக்கில் தெரியாது. தெரிய வரும் நாளில் வாசலில் போலீஸ் நிற்கும்.

ஈரோடு பக்கம் ஒரு சிற்றூர். ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்மணி. இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். அவர் பட்டது போதும். கணவர் இல்லை. வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கையும் பாவாடையும் தைத்துப் பிழைப்பவர். மகன் பனியன் கம்பெனியில் வேலை.

ஒரு மாதம் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை எடுக்க வங்கிக்குப் போயிருக்கிறார். பணம் ஏறியிருக்கிறது. எடுக்க முடியவில்லை. "உங்க கணக்கை நிறுத்தி வெச்சிருக்காங்கம்மா. வேற மாநிலப் போலீஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்குது" என்றார்களாம். ஏதோ தப்பாக வந்திருக்கும், அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று திரும்பி வந்துவிட்டார்.

சரியாகவில்லை. சில வாரம் கழித்து உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. விசாரணைக்கு நேரில் வரச் சொல்லி, பெயர் மட்டுமே கேள்விப்பட்டிருந்த ஒரு வட மாநிலத்திலிருந்து நோட்டீஸ்! அங்கே ஓய்வுபெற்ற ஒருவரை வீடியோ காலில் மிரட்டி, அவருடைய சேமிப்பைக் கறந்திருக்கிறார்கள். மிரட்டிய வாட்ஸ்அப் எண் இந்த அம்மா பெயரில் இருந்தது. பணம் போய் இறங்கிய கணக்குகளில் ஒன்றும் இந்த அம்மா பெயரில், ஆன்லைனில் திறக்கப்பட்டிருந்தது.

"நான் யாருக்குமே ஓடிபி சொன்னதில்லீங்களே. எனக்கு ஜிபேயே வராதுங்க" என்று அழுதிருக்கிறார். உண்மைதான். அவர் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. அவரை ஏமாற்ற அவர் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை.

நடந்தது இதுதான். சில மாதங்களுக்கு முன் வாரச் சந்தையில் குடை போட்டு சிம் விற்றிருக்கிறார்கள். நம்பர் மாறாது, ஒரு மாதம் இலவசம் என்றதும் வாங்கியிருக்கிறார். அந்தப் பையன் கைரேகை மெஷினை நீட்டினான். வைத்தார். "ரேகை சரியா விழலீங்க்கா, இன்னொருக்கா வைங்க" என்றான். வைத்தார். "போட்டோ மங்கலா இருக்குது, இன்னொண்ணு எடுத்துக்கறேனுங்க" என்றான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். ஒரு சிம் இவர் கைக்கு வந்தது. இன்னொரு சிம் அவன் பைக்குப் போனது!

கணக்கு திறக்கத் தேவைப்பட்ட பான் கார்டு? மகளிர் குழுக் கடனுக்காக எடுத்தது. அதன் நகலை எத்தனையோ இடத்தில் கொடுத்திருக்கிறார். அதில் எந்த நகல், எந்தக் கை மாறி அந்தக் கூட்டத்திடம் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

இவரும் ஏமாற்றப்பட்டவர்தான் என்று போலீசுக்குப் புரிவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. மகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வக்கீல் வீட்டுக்கும் வங்கிக்கும் அலைந்தான். ஊர் வாய் சும்மா இருக்குமா? தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. அதைத்தான் அந்த அம்மாவால் இன்னமும் தாங்க முடியவில்லை.

இது அவருக்கு மட்டும் நடக்கக்கூடியது என்று நினைக்காதீர்கள்!

நம் அடையாளத்தை யாரும் ஒரே இடத்தில், ஒரே நாளில் திருடிக்கொண்டு போவதில்லை. போன் நம்பரை ஒரு துணிக்கடையில் கொடுக்கிறோம். ஆதாரை ஒரு லாட்ஜில் கொடுக்கிறோம். பிறந்த தேதியை முகநூலில் நாமே கொண்டாடுகிறோம். வீட்டு முகவரி பார்சல் அட்டையில் குப்பைக்குப் போகிறது. புள்ளி புள்ளியாக நாம் வைத்துவிட்டுப் போகிறோம். கோட்டை இழுத்துக் கோலத்தை முடிப்பவன் வேறொருவன்.

எங்கெங்கே புள்ளி வைக்கிறோம் என்று பாருங்கள்.

முதலில் ஜெராக்ஸ் கடை. "வாட்ஸ்அப்புல அனுப்புங்க, பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்கிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், பிள்ளையின் சாதிச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் அனுப்புகிறோம். தாள் கைக்கு வருகிறது. ஐந்தோ பத்தோ கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அந்த ஃபைல் என்ன ஆகிறது? அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது! உங்களுக்கு முன்னால் வந்தவருடையதும் கிடக்கிறது. போன வருடம் வந்தவருடையதும் கிடக்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு நின்றுபோன பையன்? அந்தக் கம்ப்யூட்டரை ரிப்பேருக்கு வாங்கிக்கொண்டு போனவர்? அதற்குள் புகுந்திருக்கும் வைரஸ்? அவர்களையெல்லாம் நமக்குத் தெரியுமா?

வாட்ஸ்அப்பில் 'எல்லோருக்கும் நீக்கு' என்று அழுத்திவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. மெசேஜ்தான் போகும். கம்ப்யூட்டரில் இறங்கிவிட்ட ஃபைல் இறங்கினதுதான். கார்டையே கையில் கொண்டுபோய் நகல் எடுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், பிரிண்ட் வந்ததும் அங்கேயே நின்று, ஃபைலை அழிக்கச் சொல்லி, கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் (ரீசைக்கிள் பின்) காலி செய்யச் சொல்லிவிட்டு வாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இதைவிட மோசம், நம் வாட்ஸ்அப்பையே அந்தக் கம்ப்யூட்டரில் திறப்பது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, பிரிண்ட் எடுத்துவிட்டு, லாக் அவுட் செய்யாமல் வந்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகும் நம் பேச்சு, நம் படம், மகள் அனுப்பிய வாய்ஸ் எல்லாம் அந்தக் கடையில் திறந்து கிடக்கும். இப்போதே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் பெயர் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

2022 மே மாதக் கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் இதே எச்சரிக்கையைத்தான் சொன்னது. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், பிரவுசிங் சென்டரில் ஆதாரை டவுன்லோட் செய்தால் அழித்துவிட்டு வாருங்கள் என்றது. தவறாகப் புரிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று இரண்டே நாளில் அரசு அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றது. அறிக்கையைத் திரும்பப் பெறலாம். ஆபத்து திரும்பிப் போய்விடுமா? என்னைக் கேட்டால், அந்த அறிக்கையை ஒவ்வொரு ஜெராக்ஸ் கடைச் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது பிள்ளைகள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க மார்க் ஷீட்! பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் என்ன இருக்கிறது? பிள்ளையின் பெயர், பதிவு எண், பிறந்த தேதி, படித்த பள்ளி. அடுத்த வாரமே "கல்லூரியில் இருந்து பேசுகிறோம், ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது" என்று போன் வந்தால், எல்லா விவரத்தையும் சரியாகச் சொல்கிறார்களே என்று நம்பத்தானே செய்வீர்கள்? மொத்த மார்க்கை மட்டும் எழுதிப் போடுங்கள். தாளைப் போடாதீர்கள். ஹால் டிக்கெட், முதல் ஓட்டு வாக்காளர் அட்டை, புது வண்டியின் ஆர்சி புத்தகம், புதுச் சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு, எதையும் போடாதீர்கள்!

வேலை தேடும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். "வீட்டிலிருந்தே வேலை, டேட்டா என்ட்ரி" என்று டெலிகிராமில் விளம்பரம் வரும். இன்டர்வியூவுக்கு முன்னாலேயே ஆதார், பான், போட்டோ, கையெழுத்து, கேன்சல் செய்த செக் எல்லாம் கேட்பார்கள். வேலை வராது. அந்தக் காகிதங்களுக்கு மட்டும் வேலை கிடைத்துவிடும்! வேலைக்குச் சேர்ந்த பிறகு கொடுக்க வேண்டியதை, சேரும் முன் கேட்கிறவன் யாராக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கல்லூரிப் பையன்களிடம் இன்னொரு வலை வீசுகிறார்கள். "உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் தொறந்து கொடு, ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு, அஞ்சாயிரம் தர்றேன்." பிள்ளைக்கு அது செலவுக்குப் பணம். கொடுத்த பிறகு அந்தக் கணக்கு வழியாக யாரோ ஒருவருடைய ஓய்வூதியம் ஓடும். இதில் உங்கள் பிள்ளை ஏமாந்தவன் இல்லை. வழக்கில் குற்றவாளி! அவன் வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் இது வந்து நிற்கும். இன்றைக்கே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

தெருவில் "பழைய செல்போனுக்கு பிளாஸ்டிக் குடம்" என்று கூவிக்கொண்டு வருகிறார்களே, அதையும் சொல்லியாக வேண்டும். உடைந்த போன்தானே, எதற்கு ஆகும் என்று தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். 2024-ல் தெலங்கானாவில் இப்படி வீடு வீடாகப் பாத்திரம் கொடுத்துப் பழைய போன் வாங்கிய ஒரு கும்பலைப் போலீஸ் பிடித்தது. 4,000 போனுக்கும் மேல் சிக்கியது. அவை சைபர் மோசடிக் கூட்டங்களுக்குப் போகவிருந்தன. ஸ்கிரீன் உடைந்தாலும் உள்ளே போர்டு உயிரோடு இருக்கும். நீங்கள் எடுத்த படங்கள் அதில் இருக்கும். அந்த போனுக்கு உரிய ஐஎம்இஐ எண் உங்கள் சிம்மோடு ஓடியதாகவே பதிவில் இருக்கும். ஒரு குடத்துக்காகவா?

பழைய போனைப் போலவே பழைய நம்பரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் செத்துப்போய்விட்டது என்று நினைக்கிறோம். இல்லை. இணைப்பைத் துண்டித்து 90 நாள் கழிந்தால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் ஆதாரில், வங்கியில், கேஸ் பதிவில், ஜிமெயிலில் இன்னும் அந்த எண்தான் இருக்கிறதா? அப்படியானால் உங்கள் ஓடிபி எல்லாம் முகம் தெரியாத ஒருவருக்குப் போகும். எண்ணைக் கைவிடும் முன் எல்லா இடத்திலும் மாற்றுங்கள். இறந்துபோன அப்பாவின் எண்ணுக்கும் இதே கதைதான். துக்கத்தில் இது யாருக்கும் தோன்றாது. ஆனால் அவர் எண்ணில்தான் அம்மாவின் பென்ஷன் கணக்கே இணைந்திருக்கும்.

கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதம் என்றும் ஏபிகே ஃபைல் வருவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொட்டு இன்ஸ்டால் செய்தால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் மோசடிக்காரனுக்கும் போகும். அதன் பிறகு ஓடிபியை நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்று நம்பாதீர்கள்; அவர் போன் ஏற்கெனவே அவன் கையில் இருக்கிறது என்று அர்த்தம். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். இன்ஸ்டால் செய்யச் சொல்லும் பத்திரிகை உலகத்தில் இல்லை.

கடன் ஆப்களும் அப்படித்தான். ஐந்தாயிரம் ரூபாய் அவசரக் கடனுக்குப் போனில் இருக்கும் எல்லா எண்ணையும், எல்லாப் படத்தையும் கேட்கும். கொடுத்துவிட்டால் பிறகு உங்கள் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி உங்கள் அண்ணிக்கும் மேலதிகாரிக்கும் அனுப்பி மிரட்டுவார்கள். கடன் கொடுக்கும் ஆப் போனின் காண்டாக்ட் பட்டியலையும் படங்களையும் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது. ஆகவே கேட்கிறது என்றாலே அது கள்ள ஆப்! பேச்சே இல்லை, அழித்துவிடுங்கள்.

இனி, கைரேகை.

பாஸ்வேர்ட் போனால் மாற்றலாம். கட்டைவிரலை மாற்ற முடியுமா? 2018-ல் தெலங்கானாவில் ஒருவர் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை அச்செடுத்து, அதைப்போலவே செயற்கை ரேகை செய்து, ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்துப் பிடிபட்டார். நிலம் வாங்கியவர்கள் செய்த குற்றம், பத்திரத்தில் கைநாட்டு வைத்ததுதான். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கிலிருந்து கைரேகை மட்டும் வைத்துப் பணம் எடுக்கும் வசதி ஒன்று இருக்கிறது. கிராமத்தில் முதியோருக்கு அது பெரிய உதவி. ஆனால் அதற்கு ஓடிபி கிடையாது, பின் நம்பர் கிடையாது. ரேகையும் ஆதார் எண்ணும் இருந்தால் போதும்.

இதற்குப் பூட்டு இருக்கிறது! பலருக்குத் தெரியாது. ஆதார் இணையதளத்திலோ ஆதார் ஆப்பிலோ 'பயோமெட்ரிக் லாக்' போட்டுவிட்டால் உங்கள் ரேகையை யார் எங்கே வைத்தாலும் செல்லாது. தேவைப்படும்போது நீங்களே சிறிது நேரம் திறந்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ரேஷன் கடையில் ரேகை வைக்கும் முன்னும், புது சிம் வாங்கும் முன்னும் பூட்டைத் திறக்க வேண்டும். வீட்டுப் பெரியவருக்குப் பூட்டிவிட்டுச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அரிசி வாங்காமல் திரும்பி வந்து நிற்பார்.

கீழே சொல்வதில் ஒன்று நடந்தாலும் விழித்துக்கொள்ளுங்கள்!

நீங்கள் கேட்காமலே ஓடிபி வருகிறது. யாரோ உங்கள் எண்ணை வைத்து எங்கோ கதவைத் தட்டுகிறார்கள் என்று அர்த்தம். "தெரியாமல் உங்கள் நம்பருக்கு வந்துவிட்டது, கொஞ்சம் சொல்லுங்கள் ஆன்ட்டி" என்று கெஞ்சினால் ஒருபோதும் சொல்லாதீர்கள். உங்கள் வாட்ஸ்அப் அடுத்த நிமிடம் அவனுடையது ஆகிவிடும்.

போனில் திடீரென்று டவர் போகிறது. பக்கத்தில் இருப்பவர் போனில், அதே கம்பெனி சிம்மில், டவர் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் இல்லை. உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம்! இரவு நேரம், விடுமுறை நாள் என்று பார்த்துத்தான் செய்வார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள். இன்னொரு போனிலிருந்து உடனே சிம் கம்பெனியையும் வங்கியையும் கூப்பிடுங்கள்.

கணக்கில் தெரியாத இடத்திலிருந்து ஒரு ரூபாய் ஏறுகிறது. கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று யாரோ பார்க்கிறார்கள்.

நீங்கள் வாங்காத கடனுக்கு வசூல் ஆள் போன் செய்கிறான். தப்பு நம்பர் என்று வைத்துவிடாதீர்கள். 2022-ல் ஒரு பிரபல இந்தி நடிகையே தன் பான் எண்ணில் யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கே அப்படி என்றால் நமக்கு? சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் கணக்கை வைத்திருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை ஒவ்வொன்றும் இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். தெரியாத கடன் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் எழுப்பலாம்.

கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வருகிறது. தமிழ்நாட்டில் இப்படிப் பல குடும்பங்கள் தவித்த செய்தி வந்திருக்கிறது. அவர்களின் பான், ஆதார் நகலை வைத்து யாரோ பொய்க் கம்பெனி பதிவு செய்திருப்பார்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால், அந்தப் பெயரில் ஏதாவது கம்பெனி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வீட்டுக்கு எந்தப் பதிவுத் தபால் வந்தாலும் இங்கிலீஷில் இருக்கிறது என்று ஓரமாக வைக்காதீர்கள்.

உறவுக்காரர் போன் செய்து, "என்னப்பா, அவசரமாப் பணம் கேட்டிருந்தியே?" என்கிறார். உங்கள் படத்தை வைத்து யாரோ போலிக் கணக்கு திறந்துவிட்டார்கள். வெட்கப்படாமல் உடனே எல்லோருக்கும் சொல்லுங்கள். மறைக்க மறைக்க அவனுக்குத்தான் லாபம்.

வீடியோ காலில் காக்கிச் சட்டை தெரிந்து, "உங்க ஆதார் தப்பான இடத்துல மாட்டியிருக்கு, டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சொன்னால் கட் செய்யுங்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்தியச் சட்டத்தில் எதுவுமே கிடையாது. கிடையவே கிடையாது!

இவ்வளவு கேட்டதும் உங்களுக்குப் படபடப்பாக இருக்கும். இருக்கட்டும், அந்தப் படபடப்போடேயே சில காரியங்களைச் செய்துவிடுங்கள்.

நகல் கொடுக்கும்போது வெறும் நகலாகக் கொடுக்காதீர்கள். எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போட்டோ மேலும் எழுத்து கொஞ்சம் ஏற வேண்டும். முழு ஆதார் எண் தேவையில்லாத இடத்தில் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். முதல் 8 எண்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். ஆதார் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்று கடந்த ஆறு மாதக் கணக்கையும் அங்கேயே பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் ஆணையத்தின் எண் 1947.

துணிக்கடையில், சூப்பர் மார்க்கெட்டில் மொபைல் நம்பர் கேட்டால், "எதுக்குங்க?" என்று கேளுங்கள். பில் போட நம்பர் கட்டாயமில்லை. வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023-ல் வணிகர்களுக்குச் சொல்லியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு கல்லாப்பெட்டி முன்னால் நிற்கும்போது நமக்கு ஞாபகம் வர வேண்டும். "தர மாட்டேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவு இல்லை.

சிம் வாங்கினால் கடைக்குள் போய் வாங்குங்கள். ரேகை இரண்டாம் தரம் கேட்டால், மெஷின் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லிப் பாருங்கள். முதல் தரம் ஏன் விழவில்லை என்று கேளுங்கள். அம்மாவையோ பாட்டியையோ தனியாக அனுப்பாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு பின் போடுங்கள். ஜிமெயிலிலும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஜிமெயில் போனால் மற்ற எல்லாப் பாஸ்வேர்டும் அதன் பின்னாலேயே போகும். பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த பாஸ்வேர்ட் வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். திருடுகிறவன் முதலில் முயற்சி செய்வது அதைத்தான்.

ஏதாவது நடந்துவிட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். நேரத்தைக் கடத்தக் கடத்த பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் போகவில்லை, பெயரைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றாலும் புகார் கொடுங்கள்! அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நாளைக்கு வேறு மாநிலத்திலிருந்து நோட்டீஸ் வரும்போது, "நான் முன்னாலேயே புகார் கொடுத்துவிட்டேன்" என்று நீட்ட உங்கள் கையில் அந்தக் காகிதம் இருக்க வேண்டும். ஈரோட்டு அம்மாவிடம் அது இல்லை.

கடைசியாக ஒன்று, இதை இன்றைக்கே செய்ய வேண்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் 2023-லிருந்து இருக்கிறது. சஞ்சார்சாத்தி டாட் கவ் டாட் இன். யாரோ அனுப்பும் லிங்க் வழியாகப் போகாதீர்கள், நீங்களே டைப் செய்யுங்கள். அதில் உங்கள் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியை அந்தத் தளத்திலேயே போட்டால், உங்கள் பெயரில் இருக்கும் எல்லா இணைப்புகளும் பட்டியலாக வரும். ஒருவர் பெயரில் 9 வரை இருக்கலாம் என்பது விதி. ஆகவே எட்டு எண் களவாக ஓடினாலும் தானாக யாரும் உங்களை எச்சரிக்க மாட்டார்கள். உங்களுடையது அல்லாத எண்ணுக்கு நேரே 'என் எண் இல்லை' என்று குறித்து அனுப்புங்கள். காசு கிடையாது. ஐந்து நிமிட வேலை.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் இருக்கும் எல்லோருடைய போனையும் வாங்கி இதைப் பார்த்துவிடுங்கள். உங்கள் போனை அப்புறம் பார்க்கலாம். முதலில் அம்மாவுடையதைப் பாருங்கள்.